போறணைச் சூட்டில ஒரு அப்பிள் பை

முதலே சொல்லிப்போடுறன், அப்பிள் பை, அதாவது மாவுக்குள்ள அப்பிளை வைச்சு மூடிச் சுடுற பலகாரம், திறமா வரவேணும் எண்டா கரண்ட் அவணைவிட எங்கட ஊர்ப் பேக்கரியில பாண் சுடுற விறகுப் போறணைதான் நல்லம். இதை நான் ஊர்ப் பற்றில சொல்லேல்லை. பை எப்பிடி வேகுது, மா எப்ப மொறுமொறுக்குது, பழம் எப்ப இளகுது எண்டதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா உங்களுக்கும் விளங்கும், அதைத்தான் இந்தப் பதிவில நீட்டா எழுதப்போறன். செய்முறையும் இடையிடையில வரும், ஆனா ஒண்டு இரண்டு எண்டு இலக்கம் போட்டு எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனெண்டா இதில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் கிடக்கு, காரணம் தெரிஞ்சா அளவு கொஞ்சம் கூடிக் குறைஞ்சாலும் சமாளிக்கலாம்.

நான் இருக்கிறது வன்னியில, கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் தண்ணி பாயிற இடம். நெல்லு விளையும், தென்னை நிக்கும், கொய்யா, மா, பப்பாசி எல்லாம் வளவுக்குள்ளயே காய்க்கும். அப்பிள் மட்டும் வராது. அதின்ர ஆதி இடம் கசகஸ்தான் பக்கத்துத் தியென்சான் மலையடிவாரம், அந்த மரத்துக்குக் குளிர்காலம் எண்டு ஒண்டு கட்டாயம் வேணும், 7 பாகைக்குக் கீழ நூற்றுக்கணக்கான மணித்தியாலம் உறங்கிக் கிடந்தாத்தான் பிறகு ஒழுங்கா மொட்டு விடும். இஞ்ச மார்கழி விடியப்புறத்தில போர்வை தேடுற குளிர் எண்டு சொல்லுறதே 21, 22 பாகைதான்.

அதால எங்கட ஆக்களுக்கு அப்பிள் எண்டா வருத்தக்காரரைப் பாக்க ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோற சாமான். நாலு அப்பிள், நாலு தோடம்பழம், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், இதுதான் கணக்கு. சுகமா இருக்கிற ஆள் தனக்கெண்டு அப்பிள் வாங்கிச் சாப்பிடுறதை நான் சின்னனில கண்டது குறைவு. 90களில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில அதுவும் இல்லை, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருந்த இடத்துக்கு அப்பிளை ஆர் கொண்டுவாறது. பாஸ் எண்ட பயண அனுமதி எடுத்து வவுனியாவுக்குப் போய் வந்த ஆராவது ஒண்டைக் கொண்டுவந்தா, அம்மா அதைக் கத்தியால மெல்லிசு மெல்லிசாச் சீவி வீட்டில இருக்கிற எல்லாருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்கும் சேர்த்துப் பங்கு வைப்பா. நாங்கள் தோலையும் விட்டு வைக்கிறதில்லை. இங்கிலிஸ் புத்தகத்தில முதல் எழுத்துக்கு அப்பிள் படம் போட்டிருக்கும், படத்தைப் பாத்துத்தான் அதின்ர நிறத்தையே எங்களில கனபேர் படிச்சனாங்கள். 2002இல கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்தபிறகுதான் கிளிநொச்சி ரவுணில பழக்கடையளில அதை அடுக்கி வைச்சுக் கண்டம், 2006இல பாதை திரும்பப் பூட்டினது, அதுக்குப் பிறகு நடந்ததுகளை இந்தப் பதிவுக்குள்ள நான் கொண்டுவரேல்லை.

இப்பிடி வளர்ந்த ஒரு வீட்டில ஒரு கிலோவுக்கு மேல அப்பிளைத் தோல் சீவி, வெட்டி, ஒரே தட்டில போட்டு வேகவைக்கப் போறன் எண்டு சொன்னா என்ன நடக்கும்? அம்மா கேட்ட முதல் கேள்வி, "சும்மா கடிச்சுச் சாப்பிடுற பழத்தை ஏன் பிள்ளை அவிக்கிறாய்?" எண்டதுதான். நல்ல கேள்வி அது. அதுக்கு வாயால பதில் சொல்ல ஏலாது, வெந்த அப்பிளும் கறுவாவும் பட்டரும் சேர்ந்து வீட்டுக்குள்ள மணக்கேக்க தன்பாட்டில விளங்கும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது கனடாவில இருந்து லீவுக்கு வந்த என்ர மச்சாள். அங்க செப்டெம்பர், ஒக்டோபரில குடும்பமாத் தோட்டத்துக்குப் போய்ப் பழத்தைத் தாங்களே ஆய்ஞ்சு கூடை கூடையாக் கொண்டு வருவினமாம், பிறகு அதை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் வெள்ளைக்காரச் சனத்தோட சேர்ந்து இவையும் பை செய்யப் பழகினவையாம். "எடி, உங்கட பேக்கரிக்காரன்ர போறணையை எனக்குத் தந்தா நான் கனடாவுக்கே திரும்பிப் போகமாட்டன்" எண்டு அவ சொன்ன கதைதான் எனக்கு இந்த யோசனையைத் தந்தது.

சரி, பழத்துக்கு வருவம். கடையில பாக்க வடிவா, கடும் சிவப்பா, அடியில அஞ்சு முட்டு வைச்ச மாதிரி ஒரு அப்பிள் வருமே, ரெட் டெலிசியஸ், அது பைக்குச் சரிவராது. சூடு பட்டவுடன கரைஞ்சு களியாப் போயிடும், புளிப்பும் இல்லை. திறமானது பச்சை அப்பிள், கிரானி ஸ்மித். அவுஸ்திரேலியாவில சிட்னிக்குப் பக்கத்தில மரியா ஆன் ஸ்மித் எண்ட ஒரு மனுசி 1860களில தன்ர வளவில தற்செயலா முளைச்ச கண்டை வளர்த்தெடுத்த இனம் அது, நல்ல புளிப்பு, வெந்தாலும் துண்டு துண்டா நிக்கும். ஆனா கிளிநொச்சியில அது எல்லா நாளும் கிடையாது. கிடைக்காட்டி ஃபுஜி, கலா மாதிரி இறுக்கமான பழத்தை எடுத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டிப் போடலாம், அல்லது அரைவாசிக்கு அரைவாசி கலக்கலாம், எனக்கு உண்மையில கலந்து செய்யிறதுதான் கூடப் பிடிக்கும், ஒரு வாயில புளிப்பும் அடுத்த வாயில இனிப்புமா வரும். எதை எடுத்தாலும் பழத்தைக் கையில எடுத்து அமத்திப் பாருங்கோ, இதுகள் குளிரறையில மாதக் கணக்காக் கிடந்து கப்பலில வாற பழம், பாரமா இறுக்கமா இருக்கிறதை மட்டும் எடுங்கோ. 2022இல டொலர் இல்லாமல் போய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தேக்க அந்தப் பட்டியலில அப்பிளும் சேர்ந்தது, அந்த வருசம் நான் கொய்யாவில செய்தன், அதைப் பிறகு சொல்லுறன்.

இனி மா. வன்னியில பை செய்யிற ஆளுக்குப் பெரிய சோதனை இதுதான், ஏனெண்டா இந்த மாவுக்கு வேண்டியது குளிர், எங்களிட்ட இல்லாத சாமானும் அதுதான். பட்டர் 32, 33 பாகையிலயே இளகி ஓடத் துவங்கிடும். சித்திரை வைகாசியில எங்கட குசினி பகல்ல அதைவிடச் சூடு. பட்டர் ஏன் இளகக் கூடாது எண்டா, அது மாவுக்குள்ள சின்னச் சின்னத் துண்டா, தனித்தனியாக் கிடக்கவேணும். போறணைக்குள்ள போனவுடன அந்தத் துண்டுகள் உருகி, பட்டருக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி, மாவைத் தூக்கி ஏடு ஏடாப் பிரிக்கும். முதலே இளகி மாவோட ஒண்டாக் கலந்திட்டா பிறகு பிரிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, இறுகின பிஸ்கட்தான் மிஞ்சும். தேங்காயெண்ணெயில செய்யலாமோ எண்டு சிலபேர் கேக்கினம், அது 24, 25 பாகையிலயே உருகிற எண்ணெய், எங்கட ஊரில போத்தலுக்குள்ள எப்பவும் தண்ணியாத்தான் நிக்கும், இந்த வேலைக்குச் சரிவராது. மாஜரினில செய்யலாம், மா வரும், ஆனா அந்த மணம் வராது.

அதால இந்த மாவை விடியப்புறம் பிசையவேணும், நாலு மணிக்கு எழும்புங்கோ. உண்மையில பை செய்யிறதுக்கு நல்ல காலம் மார்கழியும் தையும்தான், வாடைக் காத்து வீசுற நாளில குசினிச் சீமெந்துத் தட்டே தொட்டாக் குளிரும். சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிக்கிற காலத்தில எண்டா மாவையும் சேர்த்து முதல் நாள் இரவே பிரிட்ஜுக்குள்ள வைச்சிடுங்கோ.

9 அங்குலத் தட்டு ஒண்டுக்கு, அடியும் மேலும் சேர்த்து, 300 கிராம் கோதுமை மாவும் 200 கிராம் பட்டரும் போதும். நான் அந்த 300இல இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துப்போட்டு அந்த இடத்துக்கு வறுக்காத அரிசிமா போடுறனான், அரிசிமாவுக்கு இழுவைத் தன்மை இல்லை, அதால மேல்மா கூட மொறுமொறுக்கும். அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி. பட்டரைச் சின்னக் கட்டியா வெட்டி ஐஸ் தட்டு வைக்கிற இடத்தில அரை மணித்தியாலம் வைச்சு எடுத்து, விரல் நுனியால மாவுக்குள்ள நசிச்சு விடுங்கோ, உள்ளங்கையால இல்லை, உள்ளங்கை சூடு. கடலைப் பருப்பளவு துண்டுகள் கண்ணுக்குத் தெரியிற நேரத்தில நிப்பாட்டவேணும். பிறகு ஐஸ் போட்ட தண்ணியில ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளியை விட்டு, கரண்டி கரண்டியா ஆறேழு மேசைக்கரண்டி தெளிச்சு மாவைக் கூட்டிப் பிடிக்கிறது மட்டும்தான் வேலை.

இந்த இடத்தில எங்கட பொம்பிளையளின்ர கைக்கு ஒரு சொல் சொல்லவேணும். நாங்கள் ரொட்டிக்கும் புட்டுக்கும் மா குழைச்சுப் பழகின ஆக்கள். ரொட்டி மாவை எவ்வளவுக்கு அடிச்சுக் குழைக்கிறமோ அவ்வளவுக்கு அது இழுபட்டு மெதுமையா வரும், கை தன்பாட்டில அந்த வேலையைச் செய்யத் துவங்கிடும். பை மாவில அதே இழுவை வந்தா, தட்டில விரிச்ச மா வேகேக்க சுருங்கி உள்ளுக்குப் போகும், கடிக்கேக்க றப்பர் மாதிரி இருக்கும். அதால கை கேட்டாலும் குழைக்காதேங்கோ. அங்கங்க வெடிச்சு, ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிற நிலையில இரண்டு உருண்டையாப் பிரிச்சு, கொஞ்சம் தட்டையாக்கி, சுத்திக் கட்டி, ஒரு ஒண்டு ஒண்டரை மணித்தியாலம் பிரிட்ஜில விட்டா, தண்ணி தானா மா முழுக்கப் பரவி மா இளைப்பாறும். இரவே செய்து வைச்சா இன்னும் நல்லம். உருட்டுக் கட்டை வேணும் எண்டு இல்லை, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ள ஐஸ் தண்ணியை நிரப்பி மூடி, வெளிப்பக்கத்தைத் துடைச்சுப்போட்டு அதால உருட்டினா, உருட்ட உருட்ட மா குளிர்ந்துகொண்டே இருக்கும். இது மச்சாளுக்குத் தெரியாத வித்தை, நான்தான் அவவுக்குச் சொல்லிக் குடுத்தனான்.

உள்ளுக்கு வைக்கிற பழத்துக்கு, தோல் சீவி விதை எடுத்த அப்பிள் ஒரு கிலோ அளவு வேணும். கால் அங்குலத் தடிப்பில வெட்டினவுடன தேசிக்காய்ப் புளி இரண்டு மேசைக்கரண்டி விட்டுப் பிரட்டுங்கோ, காத்துப் பட்டுக் கறுக்கிறதை அது தடுக்கும். 100 கிராம் சிவப்புச் சீனி, ஒரு கிள்ளு உப்பு. பச்சையா அப்பிடியே மாவுக்குள்ள அடைச்சா, பழம் வெந்து வத்தி மேல்மாவுக்கும் பழத்துக்கும் இடையில ஒரு வெறும் இடம் விழும், வெட்டேக்க மேல்மா பொலபொலவெண்டு உடைஞ்சு விழும். அதைத் தடுக்க, தாச்சியில போட்டு மூடி, மிகக் குறைஞ்ச நெருப்பில ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் சூடாக்கவேணும், கொதிக்க விடக்கூடாது. அப்பிளுக்குள்ள பெக்டின் எண்டு ஒரு பொருள் இருக்கு, 60, 70 பாகைச் சூட்டில கொஞ்ச நேரம் நிண்டா அது இறுகிப் பழத்தை உறுதியாக்கும், பிறகு எவ்வளவு வெந்தாலும் துண்டு கரையாது. ஊறி வந்த சாறை வடிச்சுத் தனிய வத்தக் காய்ச்சி, பாணியாக்கித் திரும்ப விட்டு, இரண்டு மேசைக்கரண்டி கோன்ஃபிளவரும் தூவிப் பிரட்டி, முழுக்க ஆறவிடுங்கோ. சூட்டோட மாவில கொட்டினா விடியப்புறம் எழும்பின பயன் எல்லாம் போச்சு.

கறுவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட ஏலாது. வட அமெரிக்காவில கறுவா எண்டு விக்கிறது அனேகமாக் கசியா எண்ட வேற மரத்தின்ர பட்டை, தடிப்பா, காரமா இருக்கும். எங்கட நாட்டுக் கறுவா மெல்லிசு, சுருட்டுக்குள்ள சுருட்டா பல மடிப்பு, கையாலயே நொறுக்கலாம், மணம் மென்மையா இனிப்பா வரும். அதால வெளிநாட்டுச் செய்முறையில ஒரு தேக்கரண்டி எண்டா நான் ஒண்டரை, இரண்டு போடுவன், புதுசா இடிச்சு. ஒரு சாதிக்காயில கொஞ்சம் துருவி, ஒரு கராம்பு தட்டிப் போட்டாப் போதும். ஒல்லாந்தருக்கு அப்பிள் பை எண்டா உயிர், கறுவா இல்லாமல் அவை அதைச் செய்யிறேல்லை, அந்தக் கறுவாவுக்காகத்தான் 17ஆம் நூற்றாண்டில போர்த்துக்கீசரைக் கலைச்சு இந்தத் தீவின்ர கரையைப் பிடிச்சவை. இஞ்ச வன்னியை ஆண்ட வன்னியரிட்ட அவை திறையாக் கேட்டது யானை. தெற்கில கறுவா, இஞ்சால யானை. அந்தக் கறுவா போட்ட பையை எங்கட ஆக்கள் 300 வருசத்துக்குப் பிறகு கனடாவில இருந்து வந்த மச்சாளிட்டக் கேட்டுப் படிக்கிறம், எனக்கு அதை நினைக்க அதிசயமா இருக்கு.

ஒரு சின்ன விசயம், அடிமாவை விரிச்சபிறகு பழத்தைப் போட முதல், ஒரு கைப்பிடி கஜுவை இடிச்சுத் தூவுங்கோ. முழங்காவில் பக்கத்துக் கஜு கிடைச்சா அருமை. பழத்தில இருந்து வாற சாறை அது உறிஞ்சி அடிமாவைக் காப்பாத்தும், ருசியும் கூட. மேல்மாவை மூடி ஓரத்தை நசிச்சு ஒட்டி, ஆவி போக நாலைஞ்சு இடத்தில கத்தியால கீறி, பால் பூசி, கொஞ்சம் சீனி தூவினாச் சரி.

இப்ப போறணை.

வீட்டில வைக்கிற சின்ன மேசை அவணின்ர பிரச்சினை என்னெண்டா, மேல் கம்பி பக்கத்தில இருக்கிறதால மேல்மா கெதியாச் சிவக்கும், அடிக்குப் போதுமான சூடு போகாது. பைக்கு அடிதான் உயிர், ஈரப் பழம் முழுக்க அதுக்கு மேலதான் குந்தியிருக்கு. அடி வெள்ளையா, ஊறின கடுதாசி போல கிடந்தா மேல எவ்வளவு பொன்னிறமா இருந்தும் என்ன. போறணையில நிலமே செங்கல். பின்னேரம் துவங்கி விறகு எரிச்சு, அந்தச் செங்கல் நிலமும் வளைஞ்ச கூரையும் சூட்டை முழுக்க உள்வாங்கி வைச்சிருக்கும், பிறகு தணலை இழுத்து வெளியில எடுத்து, நீளத் தடியில ஈரச் சாக்கைக் கட்டி நிலத்தைத் துடைச்சு, கதவை மூடிக் கொஞ்ச நேரம் விட்டபிறகுதான் பாண் உள்ளுக்குப் போகும். நெருப்பு இல்லை, செங்கல் வைச்சிருக்கிற சூடு மட்டும்தான். தட்டை அதுக்கு மேல நேரா வைச்சா அடிச் சூடு தட்டுக்குள்ளால நேரா மாவுக்கு ஏறும், கூரையில இருந்து மேல்மாவுக்குச் சூடு வரும்.

அதைவிட முக்கியமான விசயம், அந்தச் சூடு நேரம் போகப் போக மெல்ல மெல்ல இறங்கும். பைக்கு எழுதின கனக்கச் செய்முறையளை எடுத்துப் பாத்தா முதல் 20 நிமிசம் 220 பாகை, பிறகு 190, 180க்குக் குறைச்சு இன்னும் ஒரு 40 நிமிசம் எண்டுதான் இருக்கும். முதல் சூட்டில பட்டருக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி மா ஏடு பிரிஞ்சு இறுகவேணும், பிறகு குறைஞ்ச சூட்டில பழம் ஆறுதலா வேகவேணும். அவணில அதுக்கு நாங்கள் நிண்டு குமிழைத் திருப்பவேணும். போறணை அதைத் தானாச் செய்யும். யோசிச்சுப் பாத்தா இதில புதினம் ஒண்டும் இல்லை, பை எண்ட சாமான் பிறந்ததே விறகுப் போறணையிலதான். 14ஆம் நூற்றாண்டு முடியிற நேரம், இங்கிலாந்தில இரண்டாம் ரிச்சர்ட் அரசன்ர சமையல்காரர் எழுதி வைச்ச குறிப்புகளில அப்பிள் பை இருக்கு, அப்பிளோட அத்திப்பழம், முந்திரிகை வத்தல், பெயார்ஸ், குங்குமப்பூ எல்லாம் போட்டு, சீனி எண்ட பேச்சே இல்லை. அதுக்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கா அங்கத்தைச் சனம் செங்கல் போறணையில முதல் பாண், பிறகு பை எண்டு சூடு இறங்கிற ஒழுங்கிலதான் சுட்டுக்கொண்டு இருந்தவை. இண்டைக்கு அவையின்ர செய்முறையில இருக்கிற "220இல துவங்கிக் குறை" எண்டது அந்தப் போறணையை அவணில நடிச்சுக் காட்டுற வேலை. எங்களிட்ட அசலே இருக்கு. கனகாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த இடம் எங்கட இடம், மா கிடைச்ச நேரமெல்லாம் விறகை வைச்சுத்தான் பாண் போட்டது, 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டின நேரமும் போறணைக்கு அதால ஒண்டும் இல்லை.

எங்கட பேக்கரி அண்ணையிட்ட முதல் போய்க் கேக்கேக்க அவர் தட்டைத் திறந்து பாத்துப்போட்டு, "இது என்ன பிள்ளை, மாலு பணிசைப் பெரிசாச் செய்த மாதிரிக் கிடக்கு?" எண்டார். மாலு பணிஸ் எண்டா உள்ளுக்கு மீன், இதில உள்ளுக்கு அப்பிள் எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு, "றாத்தல் பாண் இறங்கட்டும், பணிசோட சேர்த்து வைப்பம்" எண்டார். அவர் வெப்பமானி வைச்சிருக்கிறேல்லை. ஒரு பிடி மாவை எடுத்துப் போறணை நிலத்தில எறிவார், உடன கறுத்துப் புகைஞ்சா இன்னும் பொறுக்கவேணும், மெல்லப் பொன்னிறத்துக்கு வந்தாச் சரி. மச்சாள் விட்டிட்டுப் போன அவண் வெப்பமானியை நான் பிறகு ஒருக்கா உள்ளுக்கு வைச்சுப் பாத்தன், அவர் சரியெண்டு சொன்ன நேரம் முள்ளு 220இல நிண்டது. இன்னொண்டும் அவரே சொல்லித் தந்தார், பாண் எடுத்த கையோட வைக்காத, கதவை ஒரு அஞ்சு நிமிசம் திறந்து விட்டு பாணின்ர ஆவி வெளியில போகட்டும், ஈர ஆவிக்குள்ள உன்ர மா மொறுமொறுக்காது எண்டு. எந்தச் செய்முறையிலயும் எழுதியிராத புத்தி.

முந்தி பாலை, வீரை விறகுதான் எரிக்கிறவையாம், நிண்டு எரியும், தணல் விடியும் வரைக்கும் கிடக்கும். இப்ப காட்டு மரம் வெட்ட ஏலாது, வெட்டவும் கூடாது, அதால தென்னங்குத்தி, வேம்பு, பூவரசு எண்டு கிடைக்கிறதைப் போடினம். எது எரிஞ்சாலும் செங்கலுக்குள்ள போற சூடு சூடுதான். ஆனா புது விறகுப் பேக்கரி கட்டுறவை இப்ப ஒருத்தரும் இல்லை, கிளிநொச்சி ரவுணில எல்லாம் டீசல், கரண்ட் அவண் வந்திட்டுது, பாண் ஓட்டோவில வாறதும் அந்தப் பாண்தான். அண்ணையின்ர மகனும் அதைத்தான் வாங்கச் சொல்லி நிக்கிறான். அவன்ர பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, இரவு முழுக்க நெருப்புக்கு முன்னால நிண்டு அவரின்ர கண் பழுதாப் போச்சு. எனக்குப் போறணை இடியக்கூடாது, அவருக்குக் கண் வேணும், இரண்டையும் சேர்த்து என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அவர் இருக்கும்வரைக்கும் என்ர பை அங்கதான் வேகும்.

கிட்டடியில போறணை இல்லாத ஆக்கள் பழைய கேக் முறையைப் பாவிக்கலாம். கிடாரத்துக்குள்ள இரண்டு அங்குலத்துக்கு மணல் போட்டு நல்லாச் சூடாக்கி, தட்டை மணலுக்கு மேல நேரா வைச்சு, மேல தகரத்தால மூடி அதில சிரட்டைத் தணலைப் பரப்பவேணும், துவக்கத்தில தணல் கூட, பிறகு பாதியை அள்ளிப்போடலாம். அடி உண்மையிலயே திறமா வரும். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். கீறின வாயால பாணி தடிப்பாக் கொப்பளிச்சு வாறதுதான் வெந்த அடையாளம், நிறத்தை மட்டும் பாத்து எடுக்காதேங்கோ.

கொய்யாவைப் பற்றிச் சொல்லுறன் எண்டனான். செங்காய்ப் பருவத்தில, மஞ்சள் அடிக்க முதல் பிடுங்கி, விதைப் பகுதியைக் கரண்டியால வழிச்சு எறிஞ்சுபோட்டு, சதையை மட்டும் வெட்டிப் போட்டா அப்பிளுக்கு மிகக் கிட்டவா வரும். கொய்யாவில பெக்டின் தாராளம், சாறும் குறைவு, அதால கோன்ஃபிளவர் ஒரு கரண்டி போதும், தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூடப் போகவேணும். ஜம்புவில செய்யாதேங்கோ, முழுக்கத் தண்ணி. மாங்காயில செய்தா நல்ல ருசி, நானும் செய்யிறனான், ஆனா அது மாங்காய்ப் பை, அப்பிளின்ர இடத்துக்கு அது வராது. கொய்யா வரும். சொல்லாமல் குடுத்தா பாதிப்பேர் அப்பிள் எண்டுதான் சாப்பிடுவினம்.

போறணையால எடுத்தபிறகு மூண்டு மணித்தியாலம் தொடக்கூடாது. இது பிள்ளையள் இருக்கிற வீட்டில கஷ்டமான வேலை, ஆனா சூட்டோட வெட்டினாப் பாணி முழுக்க ஓடி அடிமாவை ஊறவைச்சிடும், ஆறினாத்தான் அது தடிச்சுப் பழத்தோட நிக்கும். விடிய ஏழு மணிக்கு எடுத்தா, பத்து மணித் தேத்தண்ணிக்குச் சரியா வரும். முதல் துண்டு அண்ணைக்கும் அவற்ற வீட்டுக்கும், அவர் காசு வாங்கிறேல்லை. அம்மா ஓரத்து மாவை மட்டும் உடைச்சு உடைச்சு பிளேன்ரீயோட சாப்பிடுவா, அவவுக்குச் சீனி வருத்தம், அதால அவவின்ர பக்கத்துக்கு நான் பழத்தைக் குறைச்சு வைக்கிறனான். ஐஸ்கிறீமோட சாப்பிடுறது அங்கத்தைப் பழக்கம், எனக்குத் தயிர் பிடிக்கும், எருமைத் தயிர், மேல ஒண்டும் விடாமல்.

மீதி வந்தா இஞ்சத்தைச் சூட்டில வெளியில ஒரு நாளைக்கு மேல வைக்காதேங்கோ, எறும்புக்குத் தண்ணித் தட்டுக்குள்ள வையுங்கோ, அடுத்த நாள் பிரிட்ஜுக்குள்ள. திரும்பச் சூடாக்கேக்க மைக்ரோவேவில வைச்சா மா இழுபடும், துண்டைத் தாச்சியில வைச்சு மூடாமல், குறைஞ்ச நெருப்பில பத்து நிமிசம் விட்டா அடி திரும்ப மொறுமொறுக்கும்.